வகுப்பு விதிக்குள் திறன்–எடை விகிதம்: பெங்களூரில் தயாராகும் கிளப் ரேஸ் காருக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு குதிரைத்திறனுக்கு இத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று வகுப்பு விதி சொல்லும்போது, அது நம்மிடம் இரண்டு எண்களைக் கேட்கிறது. எடை எங்கே நிறுத்தினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். திறன் அப்படியல்ல. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் டைனோவில் (சக்கரங்களை உருளைமேல் சுழலவிட்டுத் திறனை அளக்கும் கருவி) ஏற்றிப் பார்த்த எஞ்சின், ஏறக்குறைய கடல் மட்டத்திலேயே, சென்னைக்கு அருகே இருக்கும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் இறங்கும்போது பத்தில் ஒரு பங்குக்கும் மேலாக வலுக்கூடி நிற்கும். இங்கே விதிக்குள் இருந்த கார் அங்கே விதிக்கு வெளியே போய்விடுவதற்கும், இங்கே பாதுகாப்பாக ஓடிய எஞ்சின் அங்கே நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே முறையின்றி வெடிப்பது) கண்டு பிஸ்டனை இழப்பதற்கும் இந்த ஒரே காரணம் போதும். ஆகவே இந்த வழிகாட்டி, காரில் எதை மாற்றுவது என்பதற்கு முன்னால், எதை எப்படி அளப்பது என்பதற்கே அதிக இடம் தருகிறது.

விதிப்புத்தகத்தை அளவுகோலாகப் படித்தல்

இந்தியாவில் தேசிய அளவிலான கார் பந்தயங்கள் இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்களின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ-யின் விதிகளின்கீழ் நடக்கின்றன. இந்தியன் டூரிங் கார்ஸ், இந்தியன் ஜூனியர் டூரிங் கார்ஸ் போன்ற வகுப்புகளைப் பெரும்பாலும் எஞ்சின் கொள்ளளவு, அனுமதிக்கப்பட்ட மாற்றங்கள், குறைந்தபட்ச எடை ஆகியவையே வரையறுக்கின்றன. அமெரிக்காவின் தேசிய ஆட்டோ ஸ்போர்ட் சங்கமோ தன் சூப்பர் டூரிங் வகுப்புகளை நேரடியாகத் திறன்–எடை விகிதத்தால் பிரிக்கிறது. எடுத்துக்காட்டாக, சூப்பர் டூரிங் 4 வகுப்பின் அடிப்படை ஒரு குதிரைத்திறனுக்கு 12 பவுண்டு, அதாவது சுமார் 5.4 கிலோ. கிளப் அளவில் நடத்தப்படும் நேரப் பந்தயங்களிலும் இத்தகைய விகித வகுப்புகள் வைக்கப்படுவது உண்டு. எந்த அமைப்பின் விதியாக இருந்தாலும், அதைத் திறந்தவுடன் கண்டுபிடிக்க வேண்டிய பதில்கள் ஒன்றேதான்.

எடை என்பது ஓட்டுநரோடா, இல்லாமலா? பந்தயத்துக்கு முன்பா, தடத்தைவிட்டு வெளியே வந்த நிலையிலா? திறன் என்பது சக்கரத்தில் அளந்ததா, கிராங்க்கில் (எஞ்சினின் சுழல்தண்டில்) கணக்கிட்டதா? உச்சத் திறனா, குறிப்பிட்ட சுழற்சி எல்லைக்குள் எடுத்த சராசரியா? வானிலைத் திருத்தம் செய்த எண்ணா, செய்யாததா. செய்ததென்றால் எந்தத் தரத்தின்படி? அளவீட்டில் எத்தனை சதவீத வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்வார்கள்? அலகு என்ன? 100 கிலோவாட் என்பது ஆங்கிலேயக் குதிரைத்திறனில் 134.1; ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் எழுதும் பிஎஸ் அலகில் 136. இந்த 1.4 சதவீத வித்தியாசம் ஆயிரம் கிலோ காரில் 14 கிலோ பேலஸ்ட், அதாவது விதி எடையை எட்டக் காரில் கட்டும் கூடுதல் சுமை, ஆகிவிடும். விதியில் தெளிவாக இல்லாத எதையும் தொழில்நுட்ப அலுவலரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். வாய்மொழி உறுதி, பந்தயம் முடிந்து ஒருவர் புகார் கொடுத்த பிறகு உதவாது.

விதி சக்கரத் திறனைக் கேட்டால், கிராங்க் திறன் என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். கியர்பாக்ஸிலும் டிஃபரென்ஷியலிலும் 15 சதவீதம் போகும் என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு எல்லாக் காருக்கும் பொருந்துவதில்லை. அளக்காத ஒன்றைப் பெருக்கி வகுத்து விதிக்குள் கொண்டுவருவது பிறகு நிரூபிக்க முடியாத கணக்காகவே நிற்கும்.

எடை பார்த்தல்

நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனித் தட்டு உள்ள கார்னர் தராசில்தான் எடை பார்க்க வேண்டும். லாரி எடைமேடையின் பிரிப்பு அளவு 5 அல்லது 10 கிலோவாக இருப்பதால் அது இந்த வேலைக்கு ஆகாது. தட்டுகள் நான்கும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பலர் படித்திருந்தும் செய்வதில்லை. கொத்தனார் வைத்திருக்கும் நீர் நிரப்பிய, உள்ளே தெரியும் மட்டக் குழாயே இதற்குப் போதும். நான்கு புள்ளிகளும் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டருக்குள் ஒத்துவரும்வரை தகடு வைத்து உயர்த்துங்கள். மொத்த எடையை இந்தச் சாய்வு பெரிதாகக் கெடுக்காது. ஆனால் சக்கரங்களுக்கு இடையேயான பகிர்வைத் தவறாகக் காட்டும், பேலஸ்ட் வைக்கும்போது அந்தத் தவறு முழுவதுமாக வெளியே வரும்.

டயரில் பந்தய அழுத்தம் இருக்கட்டும், ஆன்டி-ரோல் பாரின் (திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இணைப்பைக் கழற்றிவிடுங்கள், ஓட்டுநர் ஹெல்மெட், உடை, காலணி அனைத்தும் அணிந்து இருக்கையில் உட்காரட்டும். காரைத் தட்டில் ஏற்றிய பிறகு சஸ்பென்ஷனை மேலும் கீழும் அமுக்கிவிட்டு, சில முறை ஏற்றி இறக்கிப் படித்த எண்களின் சராசரியை எழுதுங்கள்.

எரிபொருள் கணக்கை இங்கேயே முடித்துவிடலாம். பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 0.74 கிலோ, 20 லிட்டர் என்பது 15 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. விதி பந்தய முடிவில் எடை பார்க்கிறது என்றால், டாங்க்கில் அலுவலர்கள் சோதனைக்காக எரிபொருள் மாதிரி எடுக்க வேண்டிய அளவு மட்டும் மீதி இருக்கும் நிலையில்தான் உங்கள் அடிப்படை எடையை எடுக்க வேண்டும். சென்னை வெயிலில் மூடிய காருக்குள் பந்தயம் ஓட்டிய ஒருவர் ஒரு கிலோவோ அதற்கு மேலோ வியர்வையாக இழந்துதான் இறங்குவார். அதையும் கணக்கில் கழியுங்கள்.

டைனோவும் பெங்களூரின் காற்றும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

டர்போ இல்லாத எஞ்சின், தான் இழுக்கும் காற்றின் எடைக்கு ஏற்பத்தான் திறன் தரும். பெங்களூரில் உண்மையான வளிமண்டல அழுத்தம் சுமார் 908 ஹெக்டோபாஸ்கல். சென்னையில் 1008-ஐ ஒட்டி இருக்கும். டைனோ மென்பொருள்கள் பரவலாகப் பயன்படுத்தும் எஸ்ஏஇ ஜே1349 தரம், 25 டிகிரி வெப்பமும் 990 ஹெக்டோபாஸ்கல் உலர் காற்று அழுத்தமும் உள்ள சூழலுக்கு எந்த அளவீட்டையும் மாற்றித் தருகிறது. கணக்கு இதுதான்: 990-ஐ உங்கள் இடத்தின் உலர் காற்று அழுத்தத்தால் வகுக்க வேண்டும், அன்றைய வெப்பத்தை கெல்வினுக்கு மாற்றி, 298-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து அதோடு பெருக்க வேண்டும், வந்ததை 1.18-ஆல் பெருக்கி, 0.18-ஐக் கழிக்க வேண்டும்.

பெங்களூரில் 28 டிகிரி வெப்பம், ஈரப்பதத்தைக் கழித்தபின் 888 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்தால் திருத்தக் காரணி 1.14 வருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 32 டிகிரி, உலர் அழுத்தம் 980 என்று வைத்தால் 1.03. சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் அதே 32 டிகிரிக்கு, உலர் அழுத்தம் 943 என்றால், 1.07.

இதை ஒரு காரில் வைத்துப் பார்ப்போம். திருத்திய சக்கரத் திறன் 118 உள்ள எஞ்சின், பெங்களூர் டைனோவில் திருத்தம் இல்லாமல் சுமார் 103 காட்டும், கோவையில் 110, சென்னையில் 115. கார் ஓட்டுநரோடு, பந்தய முடிவு நிலையில், 1020 கிலோ. வகுப்பு விதி ஒரு குதிரைத்திறனுக்குக் குறைந்தது 9.0 கிலோ கேட்கிறது என்று கொள்வோம். பெங்களூரின் 103-ஐ நம்பியவருக்கு விகிதம் 9.9; தாராளமாக உள்ளே இருக்கிறோம் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் எடையைக் கழற்றவும் செய்வார். தடத்தில் திருத்தம் இல்லாமல் அளந்தாலே 8.87, திருத்திய எண்ணைக் கொண்டு கணக்கிட்டால் 8.64. இரண்டிலும் கார் தகுதி நீக்கம் ஆகிறது.

திருத்தக் காரணியும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவதில்லை. அது உராய்வு இழப்புக்கு ஒரு பொதுவான அனுமானத்தை வைத்துக்கொண்டு போடப்பட்ட சூத்திரம். 14 சதவீதம் போன்ற பெரிய திருத்தத்தில் அந்த அனுமானத்தின் பிழையும் பெரிதாகும். முடியுமானால் பந்தயத்துக்கு முன் சென்னையில் உள்ள ஏதாவது ஒரு டைனோவில் ஒரு முறை ஏற்றிப் பார்த்து, இரண்டு ஊர்களின் திருத்திய எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பெங்களூர் டைனோவே உங்களுக்குப் போதும், ஏனென்றால் அது எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்பது உங்கள் கையில் இருக்கும்.

அளவீட்டைக் கெடுக்கும் மூன்று விஷயங்களை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். முதலாவது, அழுத்த எண். வானிலைச் செயலிகள் பெங்களூருக்கும் 1012 என்று காட்டும். அது கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்படும் அழுத்தம், உங்கள் எஞ்சின் சுவாசிக்கும் அழுத்தம் அல்ல. அந்த எண்ணை யாராவது கையால் மென்பொருளில் இட்டிருந்தால் அந்தத் தாளே வீண். இரண்டாவது, வெப்பமானி. காற்று நுழைவாய்க்கு அருகே, எஞ்சின் சூடு படாத இடத்தில் அது இருக்க வேண்டும். ரேடியேட்டர் பக்கம் தொங்கினால் வெப்பத்தை அதிகமாகப் படித்து, திறனை உயர்த்திக் காட்டும். மூன்றாவது, டர்போ. இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) வெற்றிடத்திலிருந்து கணக்கிடும் தனி அழுத்தத்தைக் குறிவைத்து பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் கூடுதல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் எஞ்சினில், உயரத்தால் ஏற்படும் இழப்பில் பெரும்பகுதியை டர்போவே ஈடுகட்டிவிடும், அதன்மேல் 1.14-ஐப் பெருக்கினால் இல்லாத திறனைக் காரின்மேல் ஏற்றியதாகும். டர்போ காருக்கு விதி எந்தத் திருத்தத்தைக் கேட்கிறது என்பதை முன்கூட்டியே கேளுங்கள்.

எந்தத் தரத்தின் திருத்தம் என்பதையும் தாளின் மூலையில் பாருங்கள். சில டைனோக்களில் இருக்கும் எஸ்டிடி என்ற பழைய தரம், எஸ்ஏஇ-யைவிட சுமார் 4 சதவீதம் அதிகம் காட்டும். இரண்டு கடைகளின் எண்களை ஒப்பிட்டுச் சண்டை போடுபவர்களில் பலர் உண்மையில் இரண்டு தரங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஓட்டும் முறை எளிது. நேர் விகிதத்துக்கு அருகில் உள்ள கியர், பெரும்பாலும் நான்காவது. பந்தய டயர், பந்தய அழுத்தம். ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்தில் கட்டிய பட்டைகள். ஆயில் வெப்பம் ஒரே அளவுக்கு வந்த பிறகே ஓட்டம். தொடர்ந்து எடுத்த மூன்று ஓட்டங்கள் ஒன்றோடொன்று ஒன்றரை சதவீதத்துக்குள் ஒத்துவரவில்லை என்றால் அன்றைக்கு எதையும் முடிவு செய்யாதீர்கள்.

எண்களைச் சேர்த்து இலக்கு வைத்தல்

நமது காரில் 1020 கிலோ, 118 குதிரைத்திறன், விதி 9.0. நேராகக் கணக்கிட்டால் 118-ஐ 9-ஆல் பெருக்க 1062. 42 கிலோ பேலஸ்ட் வேண்டும். எடையைத் தொடாமல் விட்டால் திறனை 113.3-க்கு இறக்க வேண்டும். உண்மையில் இந்த இரண்டுமே போதாது, ஏனென்றால் அலுவலர்களின் டைனோ உங்களுடையதைவிட ஒன்றரை சதவீதம் அதிகமாகவும், அவர்களுடைய தராசு சில கிலோ குறைவாகவும் படிக்கலாம். அதற்கு இடம் விட்டே இலக்கு வைக்க வேண்டும்: 118-இல் ஒன்றரை சதவீதம் கூட்டினால் 119.8, அதை 9-ஆல் பெருக்கினால் 1078, தராசுக்கு 5 கிலோ சேர்த்தால் 1083. அதாவது 63 கிலோ பேலஸ்ட். இவ்வளவு சுமையைச் சுமந்து ஓடுவதைவிட வேறு வழி தேடலாம்.

எஞ்சின் வளைவின் தலையைத் தட்டையாக்குதல்

உச்சத் திறனை மட்டும் அளக்கும் விதியில் மிகப் பயனுள்ள வேலை, சுழற்சிக்கு ஏற்ப ஏறி இறங்கும் திறன் வளைவின் உச்சியை வெட்டுவதுதான். எஞ்சின் எப்போதும் உச்சத்தில் ஓடுவதில்லை. நிமிடத்துக்கு 6800 சுழற்சியில் மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்கு மாற்றினால், கியர் இடைவெளியைப் பொறுத்து, அது 5400 அளவில் வந்து விழும். தடத்தில் கார் வாழ்வது இந்த 5400-க்கும் 6800-க்கும் இடையில்தான். அந்த எல்லைக்குள் 200 சுழற்சிக்கு ஒரு முறை நமது எஞ்சின் தருவது 102, 106, 110, 113, 116, 118, 117, 115 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 112.1. இப்போது 114-க்கு மேல் போகாதபடி தலையை வெட்டினால் அதே வரிசை 102, 106, 110, 113, 114, 114, 114, 114 ஆகிறது, சராசரி 110.9. உச்சத்தில் 4 குதிரைத்திறன் போனது, சராசரியில் போனது 1.2 மட்டுமே.

இலக்கு எடையில் இது என்ன செய்கிறது என்று பாருங்கள். 114-இல் ஒன்றரை சதவீதம் கூட்டினால் 115.7, 9-ஆல் பெருக்கினால் 1041, 5 கிலோ சேர்த்தால் 1046. பேலஸ்ட் 63 கிலோவிலிருந்து 26 கிலோவாக இறங்குகிறது. சராசரித் திறனில் ஒரு சதவீதம் கொடுத்து, எடையில் மூன்றரை சதவீதம் வாங்கியிருக்கிறோம். வெளியேறும் வேகத்திலும், பிரேக்கிலும், டயர் ஆயுளிலும் இந்த 37 கிலோ எல்லாத் திருப்பத்திலும் திரும்பக் கிடைக்கும்.

ஆனால் விதி சராசரித் திறனைக் கேட்டால் இந்த ஆதாயம் பெரும்பாலும் மறைந்துவிடும். இந்த உத்தியைத் தெரிந்துவைத்திருக்கும் அமைப்புகள் சராசரியை அளப்பதற்கான காரணமும் அதுவே. அந்த நிலையில் கியர் இடைவெளியைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதும், அந்தச் சராசரி எடுக்கப்படும் எல்லைக்குள்ளேயே எஞ்சினை ஓட்டுவதும்தான் மிச்சமிருக்கும் வேலை.

வெட்டுவதற்கான வழிகளில் முதலிடம் மின்னணுத் த்ராட்டிலுக்கு. இசியுவில் சுழற்சிக்கு ஏற்ப த்ராட்டில் திறப்பின் மேல்வரம்பை அமைத்தால் வளைவின் தலை சீராகத் தட்டையாகும், எஞ்சினுக்கும் துன்பம் இல்லை. ஓட்டுநர் விசையால் மாற்றக்கூடிய இரண்டாவது மேப் (எரிபொருள், இக்னிஷன், த்ராட்டில் அளவுகளை இசியுவுக்குச் சொல்லும் அட்டவணை) எதுவும் இருக்கக் கூடாது. பல விதிகள் இதை நேரடியாகத் தடுக்கின்றன, தடுக்காத இடத்திலும் அது சந்தேகத்தையே வரவழைக்கும்.

கேபிள் த்ராட்டில் உள்ள பழைய கார்களில், மாருதி எஸ்டீம் போன்றவற்றில், த்ராட்டில் பாடிக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ரெஸ்ட்ரிக்டர் தகடு (காற்று போகும் வழியைக் குறுக்கும் துளையுள்ள தகடு) வைப்பதே நடைமுறை. பெங்களூரின் பீன்யாவில் உள்ள லேத் பட்டறைகளில் அலுமினியத்தில் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் நான்கைந்து தகடுகளைக் கடைந்து வாங்கிக்கொண்டு டைனோவுக்குப் போங்கள்; விட்டத்தைக் காகிதத்தில் கணக்கிட்டு ஒரே தகடு செய்வது வீண் முயற்சி, ஏனென்றால் கூர்மையான விளிம்புள்ள துளையும், வளைந்து இறங்கி விரியும் துளையும் ஒரே விட்டத்தில் மிக வேறுபட்ட அளவு காற்றை விடும். விளிம்பை யாராவது உப்புத்தாளால் தேய்த்தாலே எண் மாறும்; ஆகவே தேர்ந்தெடுத்த தகட்டில் எண் பொறித்து, புகைப்படம் எடுத்து, முடிந்தால் முத்திரையும் இடுங்கள். இன்னொன்று: ரெஸ்ட்ரிக்டர் உயர வேறுபாட்டைத் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. துளையில் காற்று ஒலிவேகத்தை எட்டிய பிறகும், அதன் வழியே போகும் காற்றின் எடை முன்பக்க அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில்தான் இருக்கும். பெங்களூரில் சரியாக இருந்த தகடு சென்னையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதிகம் விடும்.

சுழற்சி வரம்பைக் குறைப்பது உச்சம் மிக மேலே இருக்கும் எஞ்சினில் மட்டுமே பயன்படும். இக்னிஷனைப் பின்தள்ளித் திறனைக் குறைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். திறன் குறையும், ஆனால் அந்த வெப்பம் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் போகும், கோடைப் பந்தயத்தில் அதற்கான விலையை எஞ்சின் கொடுக்கும்.

எரிபொருள் மேப்: தவறவிடக் கூடாத சோதனை

த்ராட்டில் திறப்பையும் சுழற்சியையும் மட்டும் பார்த்து எரிபொருள் தரும் இசியு, வளிமண்டல அழுத்தத்தை அறியாது. பெங்களூரில் லாம்டா (காற்று–எரிபொருள் கலவையின் அளவு; 1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்) 0.88-க்கு அமைத்த மேப், 9 சதவீதம் அடர்ந்த சென்னைக் காற்றில் அதே அளவு பெட்ரோலைத்தான் ஊற்றும், லாம்டா 0.96-க்கு மெலிந்துவிடும். அதே நேரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடியிருப்பதால் நாக்கிங்குக்கான இடைவெளி இரண்டு பக்கமிருந்தும் குறைகிறது. ஆகவே இசியுவில் வளிமண்டல அழுத்த உணரி இணைக்கப்பட்டிருக்கிறதா, அதன் திருத்த அட்டவணை நிரப்பப்பட்டிருக்கிறதா என்று டியூனரிடம் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். உணரி இல்லையென்றால், தடத்தில் முதல் பயிற்சிச் சுற்றுகளை வைட்பேண்ட் உணரி தரும் லாம்டா பதிவோடு மிதமாக ஓட்டி, மேப்பைத் திருத்திய பிறகே முழுத் த்ராட்டில் போகலாம். நல்ல டியூனர்கள் சென்னைக்கான மேப்பில் இக்னிஷனையும் ஒரு டிகிரி இரண்டு டிகிரி பாதுகாப்பாக வைத்துக் கொடுத்துவிட்டு, அங்கே கேட்டுப் பார்த்து ஏற்றச் சொல்வார்கள். அந்தப் பொறுமைக்கு மதிப்புக் கொடுங்கள்.

இலகுவான காரா, வலுவான காரா

விகிதம் ஒன்றாக இருந்தாலும் இரண்டு கார்கள் ஒரே நேரத்தில் சுற்றை முடிப்பதில்லை. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் முப்படியாக ஏறுகிறது, அதற்கும் காரின் எடைக்கும் தொடர்பில்லை. ஆகவே அதிகத் திறனும் அதற்கேற்ற அதிக எடையும் உள்ள கார் நீண்ட நேர்ப்பாதையின் கடைசியில் முந்தும். மறுபுறம், டயரின் மேல் சுமை கூடும்போது பிடிமானம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஆகவே இலகுவான கார் திருப்பத்திலும் பிரேக்கிலும் முந்தும். 2.1 கிலோமீட்டர் மட்டுமே உள்ள, நெருக்கமான கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இலகுவான கார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள, 1990 முதல் பந்தயங்கள் நடந்துவரும் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் வேகத் திருப்பங்களும் நேர்ப்பாதையும் கலந்திருப்பதால் விடை அவ்வளவு நேரானதல்ல. ஆனாலும் சொந்தப் பணத்தில் ஓட்டுபவருக்கு, டயரும் பிரேக் பேடும் நீடிக்கும் இலகுவான அமைப்பையே நான் சொல்வேன்.

எடை குறைப்பதில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை: பின் இருக்கை, கம்பளம், ஒலித்தடுப்புத் தார் விரிப்பு, கதவு உள்பட்டை, விதி அனுமதித்தால் ஏசி. உயரத்தில் இருப்பதையும் சக்கரத்தோடு சுழல்வதையும் முதலில் குறையுங்கள்; கூரைக்கு அருகே போன ஒரு கிலோவைத் தரையில் பேலஸ்டாகத் திரும்ப வைத்தாலும் ஈர்ப்பு மையம் இறங்கியிருக்கும், அதனால் விதி எடையைவிடக் கீழே இறக்கிவிட்டுப் பேலஸ்டால் நிரப்புவது எப்போதும் ஆதாயம். ரோல் கேஜ், இருக்கைத் தாங்கி, பெல்ட் பதியும் இடங்கள், மோதலைத் தாங்கும் உடற்பகுதி ஆகியவற்றில் ஒரு கிராம்கூடக் குறைக்கக் கூடாது.

பேலஸ்ட் பொருத்துதல்

சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ-வின் பின்னிணைப்பு ஜே, பேலஸ்ட் உறுதியான ஒரே கட்டிகளாக இருக்க வேண்டும், கருவியால் மட்டுமே கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும், முத்திரையிட இடம் வேண்டும், ஓட்டுநர் அறையின் தரையில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் வகுப்பு விதி வேறு எதுவும் சொல்லாவிட்டால் இதையே பின்பற்றுங்கள். மணல் மூட்டை, கதவுக்குள் மறைத்த இரும்பு, டேப்பால் ஒட்டிய தகடு எதற்கும் இடமில்லை.

ஈயத்தின் அடர்த்தி இரும்பைப் போல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. 26 கிலோ ஈயம் சுமார் 2.3 லிட்டர் இடத்தில் அடங்கும், இரும்பென்றால் 3.3 லிட்டர். ஆனால் ஈயத்தைப் பட்டறையில் உருக்கி வார்க்காதீர்கள், அந்தப் புகை நஞ்சு. தகடாக வாங்கி, இரும்புத் தகடுகளுக்கு இடையே வைத்து இறுக்குங்கள், ஏனென்றால் ஈயம் தனியாக இருந்தால் போல்ட் தலைக்கு அடியில் நசுங்கி நாளடைவில் தளர்ந்துவிடும்.

கடுமையான மோதலில் 25 மடங்கு ஈர்ப்புவிசை என்று வைத்தால், 26 கிலோ கட்டி 650 கிலோ இழுவையோடு பிய்த்துக்கொள்ளப் பார்க்கும். 8.8 தர எம்8 போல்ட் ஒன்றே இரண்டு டன்னைத் தாங்கும். தாங்காதது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத காரின் தரைத்தகடுதான். எனவே நான்கு போல்ட்டுகள், தரைக்கு அடியில் ஒவ்வொன்றுக்கும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ளங்கை அளவு பரப்பும் உள்ள எஃகுத் தகடு, பூட்டு நட் என்பதைக் குறைந்தபட்சமாகக் கொள்ளுங்கள். ஜே.சி. ரோட்டில் போல்ட் வாங்கும்போது தலையில் 8.8 என்ற குறி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எடுங்கள்.

இடம், நம் ஊர் வலக்கை ஓட்டு கார்களில், இடப்பக்கப் பயணி இருக்கை இருந்த தரை. ஓட்டுநரின் எடைக்கு எதிர்ப்பக்கம் அது. முன்–பின் அச்சுகளுக்கு நடுவில் இருப்பதால் காரின் திரும்பும் சுறுசுறுப்பும் கெடாது. முன்சக்கர இயக்கக் காரில் பின்புறம் மிக லேசாக இருந்தால் கட்டியைச் சற்றுப் பின்னால் நகர்த்தலாம். வைத்த பிறகு மீண்டும் கார்னர் தராசில் ஏற்றி, முன் இடது, பின் வலது இரண்டின் கூட்டுத்தொகை மொத்தத்தில் பாதிக்கு அருகே, அரை சதவீதத்துக்குள், வரும்வரை ஸ்பிரிங் தட்டுகளைத் திருப்புங்கள். ஒரு மூலையை உயர்த்தினால் அதற்கு எதிர்மூலையும் சுமை ஏற்கும் என்பதால், ஒரே மூலையில் அதிகமாகத் திருப்பாமல் நான்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவது உயரத்தைக் கெடுக்காது. இது முடிந்த பிறகே வீல் அலைன்மென்ட்.

தடத்தில்

தடத்தில் இறங்கியவுடன், பயிற்சிக்கு முன்பாகவே, அதிகாரபூர்வத் தராசில் எடை பார்க்க அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். உங்கள் தராசு 1046 காட்டிய காரை அவர்களுடையது 1043 என்று காட்டினால், அந்த வாரம் முழுவதும் 1043-தான் உண்மை. அதற்காகவே ஒவ்வொன்றும் 2 கிலோ எடையுள்ள சில மெல்லிய தகடுகளை, அதே போல்ட்டில் ஏறும்படி துளையிட்டு, கருவிப்பெட்டியில் வைத்திருக்க வேண்டும்.

திருத்தம் செய்யாத திறனை விதி கேட்டால், நாளின் நேரமும் கணக்கில் வரும். காலை 24 டிகிரியிலிருந்து மதியம் 36 டிகிரிக்குப் போகும்போது திறன் 2 முதல் 3 சதவீதம் இறங்கும். ஆகவே குளிர்ந்த காலையில் அளந்தாலும் உள்ளே இருக்கும்படி இலக்கு வையுங்கள். எரிபொருளை, ஓட வேண்டிய சுற்றுகள், பதிவில் இருக்கும் உண்மையான செலவு, பாதுகாப்புக் கார் வந்தால் கூடும் சுற்றுகள், மாதிரிக்கான அளவு ஆகியவற்றைக் கூட்டி ஊற்றுங்கள். எடைக்காக டாங்க்கை நிரப்பி ஓடுவது, முதல் பாதியில் நேரத்தை இழந்து கடைசியில் எடையையும் இழக்கும் வழி.

ஒரு கோப்பில் டைனோ தாள்கள் மூன்றும், அன்றைய அழுத்தமும் வெப்பமும், இசியு மேப்பின் பெயரும் தேதியும், ரெஸ்ட்ரிக்டர் எண், பேலஸ்ட் கட்டிகளின் எடை, கார்னர் எண்கள் ஆகியவை இருக்கட்டும். அறிவிப்புப் படிவத்தில் எழுதும் எண் அந்தத் தாள்களில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். பந்தயம் முடிந்து பார்க் ஃபெர்மேயில் (சோதனைக்காகக் கார்களை அலுவலர்கள் காவலில் நிறுத்தும் இடம்) கார் நிற்கும்போது யாரும் அதைத் தொடக்கூடாது, ஓட்டுநர் ஹெல்மெட்டைக் கழற்றி வேறு யாரிடமும் கொடுக்கவும் கூடாது, ஏனென்றால் எடையில் அதுவும் சேர்த்தி. அலுவலரின் தராசு காட்டும் எண்ணை, நான்கு மூலைகளும் தெரிந்தால் நான்கையும், அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். டாங்க்கில் மீந்த பெட்ரோலை அளந்து அதன் பக்கத்தில் எழுதினால், அடுத்த பந்தயத்துக்குத் தராசுக்காக விட்ட 5 கிலோவை 3 ஆகக் குறைக்கலாமா என்பது அந்த வரியிலிருந்தே தெரிந்துவிடும்.